ஒருவர் ஊர்தியில் இருவர்



சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் கேட்டபொழுது, "இலக்கியம் எழுத எனக்குத் தகுதியில்லை, இயந்திரம் பற்றி எழுதினால் படிப்பாரில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அடுத்த வாரமே நம் சங்கத்தின் கோடைச் சுற்றுலா நிகழ்ச்சி நிரல் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் மூன்றாம் நாள் பிற்பகலுக்கு நேரே, 'ஏ.டி.வி. சவாரி: வண்டிக்கு இருவர்' என்று எழுதியிருந்தது. அதைக் கண்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

சென்ற ஆண்டுச் சுற்றுலாவுக்கு வந்திருந்தவர்களுக்கு என் தவிப்பின் காரணம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடன் வந்த தம்பியின் அனுமதியைப் பெற்றே சொல்கிறேன்.

மணாலியை அடுத்த ஒரு மலைச்சரிவு. வாடகைக்கு விடும் வண்டிகள் வரிசையாக நின்றன. தடித்த நான்கு உருளைகள், மோட்டார் சைக்கிளைப் போன்ற ஹாண்டில்பார், நீண்டதொரு இருக்கை. அரை மணி நேரத்துக்கு வண்டிக்கு ஆயிரம் ரூபாய் என்றார்கள். நம் கூட்டத்தில் முதலாண்டு மாணவரான தம்பி ஒருவர் என் அருகில் வந்து, "அண்ணா, நானும் உங்க பின்னாடி ஏறிக்கிறேனே, ஆளுக்கு ஐந்நூறு ஆச்சு" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இருக்கை நீளமாக இருந்தது. வண்டிக்காரரும் மறுப்புச் சொல்லவில்லை. இயந்திரப் பொறியியல் படிக்கிறவன் நான். அந்த இருக்கை ஏன் அவ்வளவு நீளம் என்று ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓடைக்கரையை ஒட்டி ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு. எங்களுக்கு முன்னே சென்ற நண்பர் தனியாக அதன்மேல் ஏறிப் போனார். நாங்களும் ஏறினோம். மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் போகவில்லை. பாதி ஏறியதும் முன்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. பின்னால் இருந்த தம்பி சரியத் தொடங்கி, பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். நான் பின்னுக்கு இழுபட்டேன். என் பிடி இறுகியது. இறுகிய கையின் கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தியது. வண்டி எங்கள் இருவருக்கும் மேலாகக் குடை சாய்ந்தது. அது நேரே எங்கள் மீது விழாமல் ஒரு பக்கமாகச் சரிந்ததே நாங்கள் செய்த புண்ணியம். தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. எனக்குக் காலில் சிராய்ப்பு மட்டுமே.

அன்று மாலை மருத்துவமனையிலிருந்து தம்பியின் தாயாரிடம் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். என்னை வைவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ, "உனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. தம்பி அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை இதுதான்.

திரும்பி வந்தபின், எங்கே தவறினோம் என்று புத்தகங்களையும் வண்டிகளின் கையேடுகளையும் புரட்டிப் பார்த்தேன். அறிந்தவற்றை முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

வண்டியின் வரலாறு

'எல்லா நிலத்திலும் ஓடும் ஊர்தி' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஏ.டி.வி. என்பவை. ஆஸ்திரேலியாவில் இதனைக் குவாட் பைக் என்பர். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொணர்ந்த வண்டியே இந்த வகைக்கு வழிகோலியது. அதற்கு மூன்றே சக்கரங்கள். பலூன் போல ஊதிய, காற்றழுத்தம் குறைந்த டயர்கள். மணலிலும் சேற்றிலும் பனியிலும் புதையாமல் ஓடும் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினர். விளையாட்டுக்காக வந்த வண்டி விரைவில் பண்ணை வேலைக்கும் பயன்பட்டது. 1980களின் தொடக்கத்தில் சுசூகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது.

மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்தன. குழந்தைகள் பலர் மாண்டனர். அமெரிக்க அரசு வழக்குத் தொடர, 1988இல் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி உற்பத்தியாளர்கள் அந்நாட்டில் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தினர். நான்காவது சக்கரம் வந்ததனால் ஆபத்து தீர்ந்துவிட்டதா? இல்லை. சாலைக்கு வெளியே ஓடும் இவ்வகை ஊர்திகளால் அமெரிக்காவில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் காயமுற்று மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வருகின்றனர். ஆஸ்திரேலியாவில் பண்ணைச் சாவுகளுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இந்தக் குவாட் பைக். அதனால் அந்நாட்டு அரசு 2019இல் ஒரு பாதுகாப்புத் தரநிலையை வகுத்தது. புதிய வண்டி ஒவ்வொன்றிலும், எத்தனை பாகைச் சரிவில் அது பக்கவாட்டில் கவிழத் தொடங்கும் என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கான வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டியவர் நசுங்காதபடி காக்கும் சட்டம் ஒன்று அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

நீண்ட இருக்கை யாருக்காக?

இனி என்னை ஏமாற்றிய அந்த இருக்கைக்கு வருகிறேன்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் பின்னிருக்கை உண்டு. அண்ணன் ஓட்டத் தம்பி பின்னால் அமர்வதும், கணவன் ஓட்ட மனைவி பின்னால் அமர்வதும் நாம் பிறந்தது முதல் காணும் காட்சி. எனவே நீளமான இருக்கையைக் கண்டால் இருவருக்கென்று நம் கண் தானே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவர் அமர முடிவது தற்செயல் அன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் ஒருவர் அமர இடமுள்ள மோட்டார் சைக்கிளில் அவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடியும், கால் வைக்கத் தாங்கியும், சேலையோ வேட்டியோ சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டுமென்று கூறுகிறது. பின்னால் அமர்பவருக்கு அந்த வண்டியில் உரிமையுள்ள இடம் ஒன்று செய்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஒருவர் ஓட்டும் ஏ.டி.வி.யில் இவற்றுள் ஒன்றும் இல்லை. இரண்டாமவர் கால் வைக்கத் தாங்கியில்லை; கை பற்றக் கைப்பிடியில்லை; முதுகுக்குச் சாய்மானமில்லை. இருக்கை மட்டும் நீளம். அந்த நீளம் ஓட்டுகிறவர் நகர்வதற்காக.

இதுதான் இவ்வண்டியின் மருமம். காரை ஓட்டுகிறவர் அசையாமல் அமர்ந்திருக்கலாம். ஏ.டி.வி.யை ஓட்டுகிறவர் தம் உடலையே ஒரு கருவியாகப் பயன்படுத்த வேண்டும். மேடு ஏறும்போது அவர் இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து ஹாண்டில்பாரின் மேல் குனிய வேண்டும். இறங்கும்போது இருக்கையின் கடைசிவரை பின்வாங்க வேண்டும். குறுக்குச் சரிவில் செல்லும்போது மேட்டுப்பக்கம் சாய வேண்டும். வளைவில் முன்னோக்கியும் வளைவின் உட்புறமாகவும் சாய வேண்டும். வண்டியோடு ஒப்பிட ஓட்டுகிறவரின் எடை கணிசமானது. ஆகவே அவர் ஒரு சாண் நகர்ந்தாலும் வண்டியின் நிலை மாறும். அந்த இருக்கையைப் பணியிடம் என்றுதான் சொல்ல வேண்டும். தச்சரின் பட்டறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒருவர் படுத்துவிட்டால் வேலை எப்படி நடக்கும்? பின்னால் ஒருவரை ஏற்றும்போது நாம் செய்வது அதுவே.

வளைவில் இன்னொரு வேறுபாடும் உண்டு. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது; அதன் மேலிருக்கும் இருவரும் அதனோடு சாய்கின்றனர். உடலை வெளியே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் சேர்ந்து இருக்கையின் வழியே கீழ்நோக்கியே செல்கின்றன. எனவே பின்னிருப்பவர் தூங்கினாற்கூடப் பக்கவாட்டில் அவ்வளவாகத் தள்ளப்படுவதில்லை. நான்கு சக்கர வண்டியோ சாய்வதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றவர்களைக் கேளுங்கள்; ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்ப்பக்கம் எப்படித் தள்ளப்பட்டோம் என்று சொல்வார்கள். பேருந்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியாவது உண்டு. ஏ.டி.வி.யின் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள ஓட்டுகிறவரின் இடுப்பு ஒன்றே உண்டு. அவர் வெளிப்புறம் தள்ளப்படும்போது ஓட்டுகிறவரையும் சேர்த்து இழுப்பார். உட்புறம் சாய வேண்டியவர் வெளிப்புறம் சாய்கிறார். வண்டி கவிழ வேறென்ன வேண்டும்?

முன்பாரமும் பின்பாரமும்

நம் ஊர் வண்டிக்காரர்கள் எந்தக் கல்லூரியிலும் பௌதிகம் படித்தவர்கள் அல்லர். ஆனால் மாட்டு வண்டியில் பின்னால் ஆள் ஏறினால், "பின்பாரமாயிருக்கு, முன்னே தள்ளி உட்காருங்க" என்பார்கள். அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்த உண்மை. நான் ஓட்டிய வண்டிக்கு நேர்ந்ததும் பின்பாரமே. அதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கென்றதும் கலைப்பிரிவுத் தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எடை 250 கிலோ. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 125 சென்டிமீட்டர். வண்டியின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, அஃதாவது ஈர்ப்பு மையம், அச்சுகளுக்கு நடுவே தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவரின் எடை 65 கிலோ. அவர் அமர்ந்திருக்கையில் அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்திலும், பின்னச்சுக்கு 45 சென்டிமீட்டர் முன்னேயும் இருக்கிறது.

வண்டியையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தால் பொது ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில், பின்னச்சுக்கு 59 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. இப்போது அதே எடையுள்ள இன்னொருவரைப் பின்னால் ஏற்றுவோம். அவர் சரியாகப் பின்னச்சின் மேலே அமர்கிறார். பொது மையம் 67 சென்டிமீட்டருக்கு உயர்ந்து, பின்னச்சை நோக்கிப் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. உயர்ந்தது ஒரு கேடு. பின்வாங்கியது மற்றொரு கேடு.

பின்னோக்கிக் கவிழும் சரிவை இந்த இரண்டு எண்களே நிர்ணயிக்கின்றன. ஒருவர் மட்டும் இருந்தால், வண்டி நின்ற நிலையில் 44 பாகைச் சரிவு வரை கவிழாது. இருவர் இருந்தால் 36 பாகையிலேயே கவிழும். ஆனால் மேட்டில் யாரும் நின்றுகொண்டிருப்பதில்லையே. ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஏறுகிறோம். வண்டியின் வேகம் கூடும்போது முன்பக்கம் மேலெழ முனையும். புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேகவளர்ச்சி இருந்தால், தனியாள் கவிழும் சரிவு 32 பாகைக்கும், இருவர் கவிழும் சரிவு 22 பாகைக்கும் இறங்கிவிடும். தனியாள் முறைப்படி 25 சென்டிமீட்டர் முன்னே குனிந்தால் அவருக்கு 35 பாகை வரை இடமுண்டு. இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு 20 சென்டிமீட்டர் பின்னே சரிந்தால் 17 பாகையிலேயே வண்டி தலைகீழாகும். ஒரே வண்டி, ஒரே மேடு. முன்னே சென்ற நண்பர் ஏறியதும் நாங்கள் விழுந்ததும் இதனால்தான். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமதரையில் தனியாள் இருக்கும்போது முன்சக்கரங்களின் மேல் விழும் பாரம் 148 கிலோ. இருவர் இருக்கும்போதும் அதே 148 கிலோதான். கூடிய 65 கிலோவும் பின்சக்கரங்களின் மேலேயே விழுகிறது. வண்டியைத் திருப்புகிறவை முன்சக்கரங்கள். திருப்பவேண்டிய எடை 315இலிருந்து 380 கிலோவாகிவிட்டது. திருப்புகிறவற்றின் பிடிப்போ வளரவில்லை. ஹாண்டில்பாரை ஒடித்தாலும் வண்டி நேரே போகப் பார்ப்பது இதனால்தான். நிறுத்த வேண்டிய எடையும் அதே 65 கிலோ கூடியிருக்கிறது.

பக்கவாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. இடப்பக்க உருளைக்கும் வலப்பக்க உருளைக்கும் இடையே 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தனியாள் 20 சென்டிமீட்டர் மேட்டுப்பக்கம் சாய்ந்தால் 39 பாகைக் குறுக்குச் சரிவு வரை வண்டி கவிழாது. அவர் சாய முடியாமல், பின்னிருப்பவர் 20 சென்டிமீட்டர் பள்ளத்துப்பக்கம் தள்ளப்பட்டால் 32 பாகையில் கவிழும். சமதரையில், பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரை தாங்கிய வண்டி, 28 கிலோமீட்டரிலேயே உட்சக்கரங்களைத் தூக்கும். இவையெல்லாம் தாளில் போட்ட கணக்கு. உண்மையில் டயர்கள் அமுங்கும். ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் தாழும். தரையில் கல்லும் குழியும் இருக்கும். ஆகவே மெய்யான எல்லைகள் இவற்றினும் குறைவாகவே இருக்கும்.

விழுந்தால் என்ன?

"விழுந்தால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போகலாமே" என்று சிலர் கேட்கலாம். சைக்கிளில் விழுந்தால் அது சரி. இங்கே விழுகிறவரைத் தொடர்ந்து கால் டன் எடையுள்ள வண்டியும் வருகிறது. பெரிய வண்டிகள் 300 கிலோவையும் தாண்டும். மார்பின் மேல் அந்தப் பாரம் கிடந்தால் எலும்பு ஒன்றுகூட முறியாவிட்டாலும் மூச்சுவிட இயலாது, மார்பு விரியாது. ஆளரவமற்ற இடத்தில் தனியே கிடந்தால் சில நிமிடங்களே. ஆஸ்திரேலியாவில் அந்தக் காப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியதும் இதற்காகவே.

பின்னால் அமர்பவரின் நிலை இன்னும் மோசம். ஓட்டுகிறவருக்கு வரப்போகும் பள்ளம் தெரியும். அவர் கால்கள் தாங்கியில் ஊன்றியிருக்கின்றன. கைகள் ஹாண்டில்பாரைப் பற்றியிருக்கின்றன. பின்னிருப்பவருக்கு எதிரே தெரிவது ஒரு முதுகு மட்டுமே. வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்தால் முதலில் தரையில் விழுகிறவர் அவர். அவர் மேல் ஓட்டியவர். ஓட்டியவர் மேல் வண்டி.

சில கேள்விகள்

சென்ற ஓராண்டாக நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கும் விடை சொல்லிவிடுகிறேன்.

"மெதுவாகச் சென்றால் ஆபத்தில்லை அல்லவா?" வளைவில் கவிழ்வதற்கு வேகம் ஒரு காரணம். மேட்டில் பின்னோக்கிக் கவிழ்வதற்கு வேகமே தேவையில்லை. நாங்கள் நடைவேகத்தில்தான் விழுந்தோம்.

"பின்னால் அமர்பவர் ஒல்லியானவராயிருந்தால்?" கேடு குறையும், தீராது. எத்தனை கிலோ என்பதைவிட எந்த இடத்தில் என்பதே முக்கியம். மேலும், எவ்வளவு ஒல்லியானவரும் விழப்போகும்போது முன்னிருப்பவரைப் பிடித்து இழுக்கத்தான் செய்வார்.

"குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாமா?" கூடவே கூடாது. குழந்தை ஹாண்டில்பாருக்கும் ஓட்டுகிறவருக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் முன்னே குனியவும் முடியாது. இவ்வண்டியின் ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்பு. குழந்தையின் கை அதை எளிதில் அழுத்திவிடும்.

"பின்னால் சாமான் வைக்கும் கம்பித்தட்டில் அமரலாமா?" அது பின்னச்சுக்கும் பின்னால் இருக்கிறது, இருக்கையைவிட உயரமாகவும் இருக்கலாம். நான் போட்ட கணக்கைவிடக் கெட்ட கணக்கு அது.

"வாடகை வண்டிக்காரரின் ஆளே நாள் முழுவதும் பின்னால் நின்றுகொண்டு வருகிறாரே?" அவர் அந்த நிலத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவர்; வேண்டும்போது குதித்துவிடப் பழகியவர். அவர் விழாதிருப்பது அவர் பழக்கத்துக்குச் சான்று; வண்டி இருவருக்கானது என்பதற்குச் சான்றாகாது. அவரும் தம் பிழைப்புக்காக ஆபத்தை ஏற்கிறார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

"அப்படியானால் இருவர் செல்லும் ஏ.டி.வி.யே இல்லையா?" உண்டு. அமெரிக்கத் தரநிலை இவ்வண்டிகளை இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை ஓட்டுகிறவர் ஒருவருக்கு மட்டும். இரண்டாம் வகை ஓட்டுகிறவருக்கும் அவர் பின்னே ஒருவருக்கும். இரண்டாம் வகையில் பின்னிருப்பவருக்கெனத் தனி இருக்கையும், கைப்பிடிகளும், கால்தாங்கிகளும் இருக்கும். அச்சுகளுக்கு இடையே உள்ள நீளமும் பொதுவாக மிகுதி. பின்பாரத்தைச் சமாளிப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதிலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவரைப் பின்னால் ஏற்றக்கூடாது என்றே உற்பத்தியாளர்கள் எச்சரிக்கின்றனர். இவையன்றி, காரைப்போல் இருவர் பக்கத்தில் பக்கமாக அமரும் ஊர்திகளும் உள்ளன. அவற்றில் இருக்கை வாரும் தலைக்கு மேலே இரும்புக் கூண்டும் இருக்கும். இருவர் சேர்ந்து செல்லத்தான் வேண்டுமென்றால் இவற்றை நாடலாம்.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

எந்த வண்டி எந்த வகை என்று அறிவது எப்படி? பொறியியல் படித்திருக்க வேண்டுவதில்லை. கண் இருந்தால் போதும். வண்டியின் பின்புறத்திலோ சக்கரக் காப்பின் மேலோ எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இருவர் அமர்ந்த படத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் அந்த வண்டி ஒருவருக்கு மட்டுமே. வாடகை வண்டிகளில் அந்தச் சீட்டு உரிந்துபோயிருக்கலாம், சேறு மறைத்திருக்கலாம். நாங்கள் விழுந்த வண்டியைப் பின்னர் துடைத்துப் பார்த்தபோது அந்தச் சீட்டு அங்கேதான் இருந்தது. கையால் ஒரு முறை துடைத்திருந்தால் கண்டிருப்பேன்.

சீட்டு இல்லையென்றால் பின்னிருப்பவருக்குக் கால்தாங்கி உண்டா, கைப்பிடி உண்டா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது ஒருவர் வண்டியே. ஹெல்மெட் தலைக்குப் பொருந்துகிறதா, வார் பூட்டுகிறதா என்று பாருங்கள். தாங்கியில் வழுக்காத, கணுக்காலை மூடும் பாதணி அணியுங்கள். செருப்போடு ஏற வேண்டாம். தார்ச்சாலையில் ஓட்ட வேண்டாம். அந்த ஊதிய டயர்கள் மண்ணுக்காகச் செய்யப்பட்டவை, கெட்டித் தரையில் அவற்றின் போக்கு வேறு. புதியவர்கள் முதலில் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டி, குனியவும் சாயவும் பழகிக்கொண்ட பின்னரே மேட்டுப் பக்கம் செல்லுங்கள்.

வண்டிக்காரர், "பரவாயில்லை, ரெண்டு பேரும் ஏறுங்க" என்று இந்தியில் சொன்னாலும் தமிழிலேயே சொன்னாலும் இசையாதீர்கள். முதுகை முறித்துக்கொள்ளப் போவது அவரல்லர்.

சுற்றுலாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். சவாரியையே நீக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தனியாக ஓட்டினால் அது இன்பமான விளையாட்டுத்தான். நானே மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறேன். 'வண்டிக்கு இருவர்' என்பதை 'வண்டிக்கு ஒருவர்' என்று திருத்துங்கள். பணம் போதாதென்றால் அரை மணி நேரத்தை இரண்டாகப் பகிர்ந்துகொள்ளலாம். முதற் கால் மணி ஒருவர் ஓட்ட மற்றவர் படம் எடுக்கட்டும்; பிற்கால் மணி அவர் ஓட்ட இவர் படம் எடுக்கட்டும். செலவு அதே ஐந்நூறு ரூபாய்தான்.

முதலாண்டுத் தம்பி தங்கையருக்கும் ஒரு சொல். மூத்தவர்களை அண்ணா, அக்கா என்று நம்பிப் பின்னால் ஏறுகிறீர்கள். அந்த நம்பிக்கை நம் சங்கத்தின் செல்வம். ஆனால் மூத்தவர்க்கும் தெரியாதவை உண்டு. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "அண்ணா, இது ஒருத்தர் வண்டி போலிருக்கே" என்று நீங்கள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

காறை எலும்பு கூடிவிட்டது. தம்பி இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயரைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது. நேற்று மாலை உணவுக்கூடத்தில் அவரைச் சந்தித்தபோது இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தேன். கணக்குப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தத் தடவை தனி வண்டிதான் அண்ணா. முதல்ல நான் ஓட்டுறேன், நீங்க படம் எடுங்க" என்றார்.

அப்படியே செய்வதாக வாக்களித்திருக்கிறேன்.